நிழற்படத்தில் விழாத கடன்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். நிழற்படம் என்ற ஒன்று தோன்றாத காலத்தில் பிறந்த முதுமொழி அது. ஆயினும் நிழற்படத்துக்கு அதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை வேறில்லை. நிழற்படம் வெறும் பொய்யை உரைப்பதில்லை. மெய்யில் ஒரு பாதியைக் காட்டிவிட்டு, மறுபாதியைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. பாதி மெய்யை மறுப்பது முழுப் பொய்யை மறுப்பதினும் கடினம்.

இதை இங்கே எடுத்துரைக்க வேண்டிய தேவை நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் தொடக்க கால மோட்டார் வண்டிகளைக் காட்டும் பழம்படங்கள் இன்று உலகெங்கும் புதுமவுசு பெற்றுள்ளன. உணவு விடுதிச் சுவர்களிலும், நாட்காட்டிகளிலும், கைப்பேசித் திரைகளிலும் அவற்றைக் காண்கிறோம். உயர்ந்த கூரையுடன் பெட்டி போல நிற்கும் கறுப்பு வண்டி. அதன்மேல் ஒரு கையை ஊன்றி நிற்கும் தொப்பிக்காரர். தூசு படியாதிருக்க நீண்ட மேலங்கி அணிந்த அவர் மனைவி. பக்கவாட்டுப் படியில் வரிசையாக அமர்ந்த குழந்தைகள். படத்தைக் கண்டவர்கள் பெருமூச்சு விடுகின்றனர். ‘எத்தகைய எளிமை! எத்தகைய மனநிறைவு! அன்றைய மனிதன் கடன் அறியான், பேராசை அறியான், ஒரு பொருளை வாங்கினால் ஆயுள் முழுவதும் வைத்திருந்தான். இன்றைய நுகர்வு வெறி அன்று ஏது?’ என்கின்றனர்.

இக்கூற்று தவறு என்பதே நமது வாதம். இன்றைய நுகர்வு வெறிக்கு எதிர்ச்சான்றாகக் காட்டப்படும் அப்படங்கள், உண்மையில் அவ்வெறியின் பிறந்தநாள் படங்கள். தவணைக் கடனும், வாங்கிய பொருளின் மீது விரைவில் தோன்றும் வெறுப்பும், அண்டை வீட்டானைப் பார்த்து வாங்கும் வழக்கமும் அந்த வண்டியைச் சுற்றித்தான் வளர்ந்து பெருகின.

ஒரே சந்தையின் இரு சரக்குகள்

அமெரிக்கச் சாமானியன் கையில் நிழற்படக் கருவியும் மோட்டார் வண்டியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம் முதல் கோடாக் கருவியை 25 டாலருக்கு விற்றார். பொத்தானை அழுத்துவது மட்டுமே வாங்குவோர் பொறுப்பு, மற்றவற்றைத் தாம் பார்த்துக்கொள்வோம் என்பது அந்நிறுவனத்தின் விளம்பர உறுதிமொழி. 1900இல் ஒரே டாலர் விலையில் பிரவுனி என்னும் பெட்டிக் கருவி வெளிவந்தது. சிறுவர்களையும் வாடிக்கையாளர் ஆக்கும் நோக்கம் அதில் இருந்தது. எட்டாண்டுகள் கழித்து, 1908 அக்டோபரில், ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வண்டி 850 டாலர் விலையில் வந்தது. 1925ஆம் ஆண்டளவில் அதன் மிகக் குறைந்த விலை வகை 260 டாலருக்குக் கிடைத்தது.

இவ்விரு சரக்குகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. கோடாக்கின் விளம்பரங்களில் மோட்டார் பயணம் விரும்பிக் காட்டப்பட்டது. வண்டியில் வெளியூர் சென்றவர் படத்தோடு திரும்பினார். எடுத்த படம் அஞ்சலட்டையாக அச்சாகி உறவினர் வீட்டுக்குச் சென்றது. அந்த அட்டையைப் பெற்ற குடும்பத்தில் அன்றிரவு என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதை நாம் ஊகிப்பது கடினமன்று. விற்பனையாளன் தட்டாத கதவை உறவினர் படம் தட்டியது. காசு கேளாமல் உழைத்த விளம்பர முகவர் அந்தப் படமே.

வண்டி வாங்க இயலாதவரையும் சந்தை விட்டுவிடவில்லை. கண்காட்சித் திடல்களிலும் கடற்கரைப் பொழுதுபோக்குத் தலங்களிலும் இருந்த நிழற்பட நிலையங்கள் பலவற்றில் மரத்தாலும் அட்டையாலும் செய்த பொய் வண்டிகள் வைக்கப்பட்டிருந்தன. சில காசு கொடுத்தால் அதில் ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். பின்திரையில் சாலையும் மலையும் தீட்டப்பட்டிருக்கும். அவ்வகைப் படங்கள் இன்றும் சேகரிப்பாளர் கைகளில் உள்ளன. அவற்றை வேடிக்கை என்று தள்ளலாகாது. வண்டியில் ஏறிச் செல்வதைவிட வண்டியோடு காணப்படுவதே பெரிது என்னும் எண்ணம் எவ்வளவு விரைவில் வேர்கொண்டது என்பதற்கு அவை சான்று.

வண்டி யாருடையது?

தொப்பிக்காரர் கை ஊன்றி நிற்கும் வண்டி அவருடையதா? இதைக் கேட்கத் துணிந்தால் பொற்காலக் கதை பாதி கலைந்துவிடும்.

1919இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் வண்டிகளை வாங்குவோருக்குக் கடன் கொடுப்பதற்கென்றே ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கியது. மூன்றில் ஒரு பங்கு முன்பணம். எஞ்சியதை ஓராண்டுக்குள் மாதத் தவணைகளாகச் செலுத்த வேண்டும் என்பது அக்காலத்தில் பரவிய முறை. 1920களின் இடைப்பகுதிக்குள் அந்நாட்டில் விற்ற வண்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று தவணைக் கடனில் விற்றவையே. கடைசித் தவணை கட்டி முடியும்வரை வண்டியின் உரிமை வாங்கியவருக்குச் சேராது என்பது ஒப்பந்தம். தவறினால் கடன் கொடுத்தவர் வண்டியை ஓட்டிச் சென்றுவிடலாம்; அதுவரை கட்டிய பணமும் போகும். எனவே, 1925ஆம் ஆண்டுப் படமொன்றில் பெருமிதத்துடன் நிற்கும் குடும்பத் தலைவர் பெரும்பாலும் அவ்வண்டியின் உடைமையாளர் அல்லர், கடனாளி. படத்தில் வண்டி விழுந்தது, கடன் விழவில்லை.

வட்டிக்கு உச்சவரம்பு விதித்த சட்டங்கள் அந்நாட்டு மாநிலங்களில் இருந்தன. அவற்றிலிருந்து தப்பவும் வழி இருந்தது. ரொக்க விலை ஒன்று, தவணை விலை ஒன்று என இரு விலைகள் வைத்து, இடைப்பட்ட தொகை வட்டியன்று, விலையின் வேறுபாடே என்று வாதிட்டனர். நீதிமன்றங்கள் பலவும் அதை ஏற்றன. வட்டியின் பெயரைக் கேட்டாலே விலகி நிற்கும் குடும்பங்களில் வளர்ந்த நம் வாசகர்கள், பெயர் மாறினால் சுமை குறையாது என்பதை நன்கறிவர்.

ஹென்றி ஃபோர்டு தொடக்கத்தில் இந்தக் கடன் முறையை வெறுத்தார். 1923இல் அவர் வேறொரு திட்டம் வகுத்தார். வாரந்தோறும் 5 டாலர் வீதம் சேமித்து, முழு விலையும் சேர்ந்த பின் வண்டியைப் பெறுவது அத்திட்டம். முன்னர்ச் சேமி, பின்னர் வாங்கு என்னும் பழைய நெறிதான் அது. அந்நெறிக்கு மக்கள் அளித்த விடை என்ன? பெரும்பாலோர் காத்திருக்க மறுத்தனர்; திட்டம் தோற்றது. 1928இல் ஃபோர்டு நிறுவனமும் தனக்கெனக் கடன் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. ‘அன்றைய மனிதன் கடன் அறியான்’ என்போர் இந்த ஐந்தாண்டு வரலாற்றை எங்கே வைப்பர்?

இதன் விளைவு சிறிதன்று. 1929இன் இறுதியில் பொருளாதாரம் சரியத் தொடங்கியபோது, வண்டியை இழக்க அஞ்சிய குடும்பங்கள் தவணையைக் கட்டிவிட்டு மற்றெல்லாச் செலவையும் சுருக்கின என்றும், அச்சுருக்கமே வீழ்ச்சியை ஆழமாக்கியது என்றும் பொருளியல் வரலாற்றாசிரியர் மார்த்தா ஓல்னி வாதிட்டுள்ளார். 1929இல் 44 இலட்சத்தைத் தாண்டிய கார் உற்பத்தி 1932இல் 11 இலட்சம் அளவுக்கு இறங்கிற்று.

நிறைவடையலாகாது வாங்கியவன்

ஆயுள் முழுவதும் ஒரே பொருளை வைத்திருந்தான் என்னும் கூற்றையும் பார்ப்போம். மாடல் டி வண்டி பத்தொன்பது ஆண்டுகள் பெரிதும் மாறாமல் இருந்தது உண்மை. 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டதும் உண்மை. ஆனால் அந்த மாறாமையே அதற்கு எமனாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றும் வழியைப் பிடித்தார். 1927இல் ஹார்லி எர்ல் என்பவரின் கீழ், கலைக்கும் வண்ணத்துக்கும் என்றே ஒரு பிரிவு அந்நிறுவனத்தில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்ற பின், மாடல் டி நிறுத்தப்பட்டது. ஓடக்கூடிய வண்டி இருக்கும்போதே அதைப் பார்த்து வெட்கப்படக் கற்றுக்கொடுத்தனர். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. அதே நிறுவனத்தின் ஆய்வுத் தலைவர் சார்லஸ் கெட்டரிங் 1929 ஜனவரியில் ஒரு வணிக இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, நுகர்வோரை அதிருப்தியிலேயே வைத்திருங்கள் என்பதாகும்.

அதிருப்தி வீட்டுக்குள் என்ன செய்தது? இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரை 1920களின் நடுவில் ஆராய்ந்த ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியர் தம் நூலை 1929இல் வெளியிட்டனர். மிகச் சிதைந்த வீடுகளில் வாழ்ந்து, மோட்டார் வண்டி வைத்திருந்த 26 குடும்பங்களை அவர்கள் விசாரித்தனர். அவற்றுள் 21 குடும்பங்களின் வீட்டில் குளியல் தொட்டி இல்லை. வாசலில் வண்டி நின்றது. உள்ளே குளிக்க வசதியில்லை. பழம்படங்களில் பெரும்பாலானவை வாசலில் எடுக்கப்பட்டவை என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வீட்டின் உள்ளே கருவியைக் கொண்டு சென்றவர் சிலரே.

அந்த அவசரத்தின் கடைசி நிலையமும் ஒரு நிழற்படத்தில் இருக்கிறது. 1935இல் வாக்கர் எவன்ஸ் பென்சில்வேனியாவில் ஒரு மோட்டார் இடுகாட்டைப் படமெடுத்தார். வயல்வெளியில் கைவிடப்பட்ட வண்டிகள் துருவேறி நெருங்கிக் கிடக்கின்றன. பத்தாண்டுகளுக்கு முன் எத்தனையோ குடும்பங்கள் கை ஊன்றிப் படமெடுத்துக்கொண்ட வண்டிகளின் இனம் அவை. இந்தப் படத்தை எந்த உணவு விடுதியும் சுவரில் மாட்டுவதில்லை.

ஆளில்லாத ஆலை

அடுத்து, வண்டியைச் செய்தவர் எங்கே என்று கேட்போம். 1913இல் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் தொடர்வரிசை முறை வந்தது. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்னர்ப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. புதிய முறையில் 93 நிமிடமே போதுமாயிற்று. அவ்வேலையின் கடுமை தாளாமல் தொழிலாளர் வந்த வேகத்தில் ஓடினர். அந்த ஓட்டத்தைத் தடுக்கவே 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர் என்னும் புகழ்பெற்ற ஊதியம் அறிவிக்கப்பட்டது. அதைப் பெறுவோரின் இல்லற ஒழுக்கத்தை விசாரிக்க நிறுவனத்தின் ஆட்கள் அவர்கள் வீடுகளுக்கே சென்றனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1927இல் சார்லஸ் ஷீலர் என்னும் கலைஞர், ஃபோர்டின் புதிய மாடல் ஏ வண்டிக்கான விளம்பர முயற்சியின் பகுதியாக, ரூஜ் ஆற்றங்கரையில் அமைந்த மாபெரும் ஆலையைப் படமெடுக்க அமர்த்தப்பட்டார். அவர் எடுத்த படங்கள் மிக அழகியவை. அதை மறுப்பது நேர்மையன்று. குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் சரக்குப் பாதைகள், வானளாவும் புகைபோக்கிகள், ஒளியும் நிழலும் அளந்து வைத்த ஒழுங்கு! ஒரு பள்ளிவாசல் மினாராவைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்க்கத் தோன்றும். ஆனால் அப்படங்களில் மனிதர் அரிதாகவே தென்படுகின்றனர். ஏறத்தாழ 75,000 பேர் உழைத்த இடம் அது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1932 மார்ச் 7 அன்று, வேலையிழந்தோர் ஆயிரக்கணக்கில் அந்த ஆலையை நோக்கி நடந்தனர். காவலர்களும் ஆலையின் பாதுகாப்பு ஆட்களும் சுட்டதில் நால்வர் உயிர்நீத்தனர். காயமுற்ற ஐந்தாமவர் பின்னர் மாண்டார்.

1937 மே 26 அன்று அதே ஆலையின் வாயிலருகே உள்ள நடைபாலத்தில் தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ராய்தரும் அவர் தோழர்களும் துண்டறிக்கை வழங்க வந்தனர். எட்டு மணி நேர வேலைக்கு 6 டாலர் என்பதை மாற்றி, ஆறு மணி நேரத்துக்கு 8 டாலர் கேட்டது அவ்வறிக்கை. பத்திரிகைப் படப்பிடிப்பாளர் வேண்டியபடி, பின்னால் ஃபோர்டு என்னும் பெயர் தெரிய அவர்கள் புன்னகையுடன் நின்றனர். நிறுவனத்தின் ஆட்கள் நெருங்கி வருவது அந்தப் படத்திலேயே தெரிகிறது. அடுத்த படங்களில் அடியும் உதையும் குருதியும்.

அதன்பின் நடந்ததை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த ஆட்கள் படப்பிடிப்பாளர்களைத் துரத்தித் தகடுகளைப் பறித்தனர். ‘டெட்ராய்ட் நியூஸ்’ இதழின் ஜேம்ஸ் கில்பாட்ரிக் உண்மையான தகடுகளைத் தம் காரின் பின்னிருக்கைக்கு அடியில் மறைத்துவிட்டு, பயனற்ற தகடுகளை எடுத்து நீட்டினார். அவர் காப்பாற்றிய படங்கள் நாடெங்கும் அச்சாகி, நிறுவனத்தின் மறுப்புரையைச் செல்லாக்காசாக்கின. 1941இல் ஃபோர்டு நிறுவனம் அச்சங்கத்தை ஏற்றது. அவ்வாண்டின் வேலைநிறுத்தத்தில் அதே இதழின் மில்டன் புரூக்ஸ் எடுத்த படத்துக்கே நிழற்படத்துக்கான முதல் புலிட்சர் பரிசு 1942இல் வழங்கப்பட்டது.

ஒரே ஆலையின் படங்களுள் ஒரு தொகுதிக்கு நிறுவனம் பணம் கொடுத்தது. மற்றொரு தொகுதியைப் பறித்து அழிக்க அதன் ஆட்கள் ஓடினர். படத்தின் ஆற்றலை விற்பவன் அறிந்திருந்தான். பார்க்கும் நாம் மட்டும் அறியாதிருக்கலாமா?

பலகையும் வரிசையும்

1937 ஜனவரியில் ஒஹையோ ஆறு பெருகி லூயிவில் நகரை மூழ்கடித்தது. அங்கே மார்கரெட் பூர்க்-ஒயிட் எடுத்த படம் பிப்ரவரியில் ‘லைஃப்’ இதழில் வெளிவந்தது. உற்பத்தியாளர் சங்கம் நாட்டிய பெரிய விளம்பரப் பலகை ஒன்று பின்னணியில் நிற்கிறது. அதில் ஒரு வெள்ளைக் குடும்பம்: தந்தை, தாய், இரு குழந்தைகள், ஒரு நாய், அனைவரும் மோட்டார் வண்டியில் சிரித்த முகத்துடன் செல்கின்றனர். உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம் என்று மேலே எழுதியிருக்கிறது. பலகையின் கீழே, கையில் பையும் வாளியும் ஏந்தி, நிவாரணத்துக்காகக் கறுப்பின மக்கள் வரிசையில் நிற்கின்றனர். சிரிப்பவர் எவரும் அவ்வரிசையில் இலர்.

இந்தப் படத்தையும் பலர் பிழையாகவே படிக்கின்றனர். வேலையில்லாதோர் வரிசை என்று எழுதுகின்றனர். அவர்கள் வெள்ளத்தில் வீடிழந்தோர். உண்மையை உள்ளவாறு சொன்னாலும் படத்தின் கூர்மை மழுங்குவதில்லை. பலகையிலுள்ள திறந்த சாலை அந்த வரிசையினருக்குத் திறந்திருக்கவில்லை. வண்டி வாங்கப் பணம் இருந்தாலும், எந்த ஊரில் தங்க இடம் தருவர், எங்கே உணவு கிடைக்கும் என்பதறியாது கறுப்பினத்தார் பயணம் போக முடியாத நாடு அது. அதனால்தான் ஹார்லெமில் வாழ்ந்த அஞ்சல் ஊழியர் விக்டர் கிரீன் 1936இல் அவர்களுக்கென ஒரு வழிகாட்டி நூலைத் தொடங்க நேர்ந்தது. முப்பது ஆண்டுகள் அந்நூலுக்குத் தேவை இருந்தது.

அதே 1937இல் டோரத்தியா லாங் கலிபோர்னியாவின் நெடுஞ்சாலையில் ஒரு படம் எடுத்தார். மூட்டையும் பெட்டியும் சுமந்த இருவர் லாஸ் ஏஞ்சலிஸ் நோக்கி நடந்து போகின்றனர். சாலையோரப் பலகையோ, அடுத்த முறை இரயிலில் சென்று இளைப்பாறுமாறு அவர்களுக்கு அறிவுரை கூறுகிறது.

சாலையில் மாண்டவரும் பழம்படங்களில் இலர். 1930ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் மோட்டார் விபத்துகளில் 30,000 பேருக்கு மேல் இறந்தனர். முன்னர்த் தெருவில் விளையாடிய பிள்ளைகளுக்குத் தெரு அந்நியமாயிற்று.

மறுப்புக்கு மறுமொழி

‘லாங் எடுத்த படமும் தேர்ந்தெடுத்த படந்தானே? அரசு சம்பளம் கொடுத்து எடுத்த படந்தானே?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அத்திட்டத்தை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கர் தமக்குப் பிடிக்காத நெகட்டிவ்களைத் துளையிட்டுக் கெடுத்தார் என்பதும் உண்மை. ஆகவே எல்லாப் படங்களுக்கும் ஒரே விசாரணை வேண்டும் என்கிறோம். துன்பத்தைக் காட்டும் படத்திடம் ‘உன்னை எடுக்கப் பணம் கொடுத்தவர் யார்?’ என்று கேட்பவர், இன்பத்தைக் காட்டும் படத்திடமும் அதையே கேட்கட்டும்.

மோட்டார் வண்டி நன்மை செய்யவில்லை என்பதும் நம் வாதமன்று. தனித்துக் கிடந்த பண்ணை வீட்டுக்கு அது மருத்துவரைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கணக்கில் உறவினரைக் காணாத பெண்களுக்கு வழி திறந்தது. பயனுக்காக வாங்கிய கருவி வேறு. பிறர் கண்ணுக்காக வாங்கிய பெருமை வேறு. பின்னதற்குப் பெயர் வீண்விரயம்.

நம் வீட்டு ஆல்பங்களையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். கடல் கடந்து உழைக்கச் சென்ற மகன், தனக்குச் சொந்தமில்லாத காரின் அருகே நின்று எடுத்து அனுப்பிய படம் எத்தனை இல்லங்களில் இருக்கிறது! அதில் அவனுடைய அறை இல்லை, வேலை இல்லை, பயணச் செலவுக்கு வாங்கிய கடன் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து அடுத்த வீட்டு இளைஞன் கனவு கண்டதையும் நாம் அறிவோம்.

எனவே பத்திரிகை நடத்துவோரையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: பழம்படத்தை வெளியிடும்போது ஆண்டு, இடம், எடுத்தவர், எடுப்பித்தவர் ஆகிய நான்கையும் கீழே எழுதுங்கள். பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறோம்: குடும்பப் படங்களின் பின்புறத்தில், அவை எடுக்கப்பட்ட நாளின் உண்மை நிலையை இரண்டு வரிகளில் எழுதி வையுங்கள். வண்டி யாருடையது, அன்று எவ்வளவு கடன் இருந்தது, படத்தில் இல்லாதவர் யார் என்பதை நம் பேரப்பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும். அதை அறியாவிட்டால் அவர்களும் நம் படங்களைச் சுவரில் மாட்டி, ‘அது பொற்காலம்’ என்று பெருமூச்சு விடுவர்.